திரும்பி வரும் கம்பி

ஜூன் 3

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. ஆனால் போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுவாய், மீதியை நான் சுவரிடம்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு நடுவில் அதை எழுப்பிய நாளிலிருந்து மூன்று வருஷமாக அதனிடம்தானே பேசிக்கொண்டிருந்தேன், போதும். கடிதம் என்றால் பிடிக்காவிட்டாலும் கடைசிவரை படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். உன் குணம் எனக்குத் தெரியாதா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் பாதி வீட்டில் யாரைக் குடிவைத்திருக்கிறாய்?

நீ ஊரைவிட்டு வேலைக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. பூட்டு தொங்குகிறது. ஆனால் பொழுது சாய்ந்ததும் உன் கூடத்தில் விளக்கு எரிகிறது. பளிச்சென்று இல்லை, தண்ணீர் ஊற்றின பால் மாதிரி மங்கலாக. பின்பக்கப் படியில் உட்கார்ந்தால் உன் ஜன்னல் கண்ணாடியில் தெரிகிறது. ஆள் நடமாட்டம் இல்லை, பாத்திரச் சத்தம் இல்லை. முதல் நாள் பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டாம் வாரம் டீ டம்ளரோடு போய் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டேன். நீ உள்ளே படுத்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது. படியிலேயே கண்ணயர்ந்துவிடுகிறேன்.

என் பக்கம் இன்னொரு கூத்து. நீ போன நாளிலிருந்து அப்பா அறை விளக்கு எரியவில்லை. அந்த அறையை அப்பா இறந்த அன்றைக்கு நான் பூட்டியது பூட்டியதுதான், இன்றுவரை திறக்கவில்லை. ஸ்விட்ச் வெளியே நடையில் இருப்பதால் தினமும் பொழுது சாய்ந்ததும் போடுவேன். கதவுக்கடியில் ஒரு கோடு வெளிச்சம் விழும். படுக்கப் போகும்போது அணைப்பேன். இப்போது அந்தக் கோடு இல்லை. பல்ப் போயிருக்கும். ஆனாலும் பழக்கதோஷம், ஸ்விட்சைப் போடுகிறேன், அணைக்கிறேன்.

உன் வீட்டில் யாரை வைத்தாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வை. தனியாக இருக்கிறவள்.

அக்கா

ஜூன் 8

அக்காவுக்கு,

கடைசிவரை படித்தேன். கிழிக்கவில்லை.

என் வீட்டில் யாரும் இல்லை. கிளம்பும்போது மெயின் ஸ்விட்சை நானே இறக்கினேன். இருபது வருஷமாக ஏ.சி.யும் ஹீட்டரும் வயரிங்குமாக இருக்கிறவன் சொல்கிறேன், மெயின் இறங்கின வீட்டில் விளக்கு எரியாது. தெருவிளக்கு கண்ணாடியில் பட்டிருக்கும். இல்லையென்றால் படியில் தூங்கிக் கனவு கண்டிருப்பாய். நம் இரண்டு பாதிக்கும் தனி மீட்டர், தனி மெயின். சுவர் வைத்த அன்று என் கையாலேயே பிரித்தேன். நமக்கு நடுவில் ஒரு இழை கம்பிகூட இல்லை. என்னை எதில் வேண்டுமானாலும் குறை சொல், என் தொழிலில் சொல்லாதே.

இங்கே பதினான்கு மாடி ஹோட்டல். நான் தரைக்கு அடியில் இருக்கிறேன். ஒரு பக்கம் குளிர்ந்த தண்ணீர் போகிற குழாய், இன்னொரு பக்கம் கொதிக்கிற தண்ணீர் போகிற குழாய். குளிர்ந்த குழாய்க்கு எப்போதும் வியர்த்துக்கொண்டிருக்கும். வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. மெஷின் சத்தம் சீராக ஓடினால் எனக்கும் கண்ணைச் சொக்கும். சத்தம் மாறினால் பட்டென்று விழித்துக்கொள்வேன்.

போன வாரம் பதினோராம் மாடியில் ஒரு தம்பதி. அந்தம்மாவுக்குக் குளிர்கிறதாம், அவருக்குப் புழுங்குகிறதாம். என்னைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து. இதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி இருக்கிறது. மூடியைத் திறந்து, ஸ்க்ரூ டிரைவரால் எதையோ திருகுகிற மாதிரி திருகி, "இப்ப சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். ஒன்றுமே செய்யவில்லை. இரண்டு பேரும் நன்றி சொன்னார்கள். லிஃப்டில் இறங்கும்போது நம் ஞாபகம் வந்தது. அப்பா படுக்கையில் கிடந்தபோது நான் காலையில் அவர் ஏ.சி.யை 22-ல் வைத்துவிட்டுப் போவேன், நீ மதியம் வந்து 27-க்கு ஏற்றுவாய். நமக்கு அப்படி ஒருத்தன் வந்து பொய்யாகத் திருகிவிட்டுப் போயிருக்கலாம்.

சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "உன் மெஷின் குளிருதான் அப்பா நெஞ்சுல இறங்கிடுச்சு." நான் திருப்பிச் சொன்னதும் இருக்கிறது. "நீதான் ஏத்தி ஏத்தி வெச்சு அவரைப் புழுங்க வெச்சுக் கொன்னே." அதை விடு.

நேரில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். என் பாதியை விற்கப் போகிறேன். வாங்குகிறவருக்குப் பழைய வயரிங் வேண்டாமாம். நம் தெருமுனை எலக்ட்ரீஷியன் நெட்டையன்தான் பகல் வேலை முடித்து 20-ம் தேதி மாலை ஆறு மணிக்கு வந்து எல்லாக் கம்பியையும் உருவுவான். சாவியை அவனுக்கு அனுப்பிவிட்டேன். உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டான்.

அப்பா அறை பல்பை மாற்று. அவ்வளவுதான்.

தம்பி

ஜூன் 14

தம்பிக்கு,

கனவாம்! நான் மருந்துக் கடையில் ஊசி மருந்து ஃபிரிட்ஜின் குளிரைக் காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதுகிறவள். பார்க்காமல் ஒரு எண் எழுதினது கிடையாது. கேட்டுக்கொள்.

திங்கட்கிழமை ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் படிக்கு வந்தேன். உன் ஜன்னலில் வெளிச்சம். என்னவோ தோன்றி, உள்ளே போய் அப்பா அறை ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்து பார்த்தேன். உன் கூடம் இருட்டு. மறுபடி போட்டேன். மறுபடி வெளிச்சம். நடைக்கும் படிக்குமாகப் பதினோரு தடவை ஓடினேன், மூட்டு வலி அடுத்த நாள் தெரிந்தது. பதினோரு தடவையும் அப்படியேதான். இங்கே ஸ்விட்ச் போட்டால் இங்கே எரியாமல் அங்கே எரிகிறது. பெரிய தொழில்காரர், நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு உன் தொழில் தெரியாது. எனக்குத் தோன்றினதைச் சொன்னால் சிரிப்பாய். அப்பா படுக்கையைச் சுருட்டிக்கொண்டு உன் பக்கம் குடிபோய்விட்டார் என்று தோன்றியது. எப்போதும் உன் பக்கம்தானே அவர். பள்ளிக்கூட நாளில் நீ டிரான்சிஸ்டரைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் விழித்தாய். அவர் "அவள்தான் தட்டிவிட்டிருப்பாள்" என்று என்னைத் திட்டினாரே. அதை நான் இன்னும் மறக்கவில்லை. இருந்தாலும் போகும்போது சொல்லிக்கொள்ளாமல் போயிருக்க வேண்டாம்.

விற்கிறாயா, விற்றுக்கொள். உன் சொத்து, உன் இஷ்டம். எனக்கென்ன வந்தது? சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருமினால் என்ன?

20-ம் தேதி ஆறு மணிக்கு நெட்டையன் வருவான் என்றாய். ஆறு மணிக்கு ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் படியில் உட்காரப் போகிறேன். அவன் உருவி முடிக்கிறவரை அந்த வெளிச்சத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். அதற்கும் உன் அனுமதி வேண்டுமா?

அக்கா

ஜூன் 20

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

உன் கடிதத்தை மதியமே கொடுத்தார்கள். வேலை முடித்துப் படிக்கலாம் என்று சட்டைப்பையில் வைத்திருந்தேன். பிரித்தபோது ஆறாகப் பத்து நிமிஷம். "அங்கே எரிகிறது" என்ற இடத்தில் சிரித்தேன். "பதினோரு தடவை"யில் சிரிப்பு நின்றுவிட்டது. ஆறு மணிக்கு ஸ்விட்சைப் போடுவேன் என்ற கடைசிப் பத்தியைப் படித்ததும் போனை எடுத்தேன்.

முதலில் நெட்டையனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அவன் போன் சைக்கிள் பையில் கிடக்கும், எனக்குத் தெரியும். பிறகு உன்னை. ஐந்து தடவை வெட்டினாய். ஆறாவது தடவை எடுத்தாய். மூச்சு மட்டும் கேட்டது. "அப்பா ரூம் ஸ்விட்சை அணை, அக்கா" என்றேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு டக்கென்று ஒரு சத்தம். "நெட்டையனை ஏணியை விட்டு இறங்கச் சொல்லு" என்றேன். வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நாற்பது நிமிஷம் குளிர்ந்த குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழு மணிக்கு நெட்டையனே பேசினான். அவன் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனிடம் சொல்லாதே.

நடந்தது என்ன என்று சொல்கிறேன். கரண்ட் ஒரு கம்பியில் போய் விளக்கை எரித்துவிட்டு இன்னொரு கம்பியில் திரும்பி வர வேண்டும். அப்பா அறை விளக்குக்குப் போகிற கம்பி உன் மீட்டரிலிருந்து போகிறது. திரும்பி வருகிற கம்பி என் வீட்டு வழியாக வருகிறது. நான் மெயினை இறக்கினதும் திரும்புகிற வழி அடைபட்டுவிட்டது. நீ ஸ்விட்ச் போடும்போதெல்லாம் கரண்ட் உன் விளக்கைத் தாண்டி வந்து, போக வழி இல்லாமல் என் வீட்டுக் கம்பி முழுக்க நிற்கிறது. கூடத்து ஸ்விட்சை அணைக்காமல் வந்திருக்கிறேன் போல. இந்தக் காலத்து பல்புக்குத் துளி போதும், மங்கலாக எரியும். பல்புக்குத்தான் துளி. மனுஷன் கை வைத்தால் அத்தனையும் அவன் வழியாகத்தான் இறங்கும். மெயின் இறங்கின வீடு, திரும்புகிற கம்பி, இதைத் தொட யாரும் பயப்பட மாட்டார்கள். நெட்டையன் வெறும் கையால் பிடிப்பான்.

இது யார் தப்பு என்று கேட்பாய். என் தப்பு.

இணைப்பு இருக்கிற பெட்டி அப்பா அறைக்குள், கட்டிலுக்கு மேலே கூரையோரம் இருக்கிறது. சுவர் வைத்த அன்று போகிற கம்பியை நடையில் நின்றே உன் மீட்டருக்கு மாற்றிவிட்டேன். திரும்புகிற கம்பியை மாற்ற உள்ளே போக வேண்டும். நீ பூட்டிவிட்டாய், சாவி உன் இடுப்பில் இருந்தது. "சாவி குடு" என்று இரண்டு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கக் கூடாது என்று இருந்தேன். ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தேன், கதவுக்கடியில் கோடு விழுந்தது. எரிகிறதே, போதும் என்று பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். வேறு ஒருத்தன் இந்த வேலை செய்திருந்தால் அவன் கையை ஒடித்திருப்பேன். மூன்று வருஷம் நாம் பேசவில்லை, உன் விளக்குக்குப் போன கரண்ட் மட்டும் தினமும் என் வீட்டு வழியாகத்தான் திரும்பிப் போயிருக்கிறது.

இப்போது கேட்கிறேன். சாவியை நெட்டையனிடம் கொடு. பெட்டியைத் திறந்து அந்தக் கம்பியை வெட்டி உன் பக்கத்துக் கம்பியோடு சேர்த்துவிடுவான். அரை மணி வேலை. அதுவரை ஸ்விட்சைத் தொடாதே.

தம்பி

ஜூன் 25

தம்பிக்கு,

ஆறாவது தடவை ஏன் எடுத்தேன் என்று சொல்கிறேன். யாராவது செத்தால்தான் விடாமல் இத்தனை தடவை கூப்பிடுவார்கள். நமக்குச் சாக இனி யார் இருக்கிறார்கள், நீ ஒருத்தன்தான். யாரோ உன் போனிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். எடுத்து, உன் குரலைக் கேட்டதும் கால் தானாக நடைக்குப் போனது. நீ என்ன சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன்.

உன் கதவு திறந்துதான் இருந்தது. மூன்று வருஷம் கழித்து உன் வீட்டுக்குள் அப்படித்தான் ஓடினேன், செருப்பு நடையிலேயே கழன்றுவிட்டது. நெட்டையன் ஏணி மேல் நின்று உன் கூடத்துக் கம்பிப் பெட்டி மூடியைக் கழற்றிப் பல்லில் ஸ்க்ரூவை வைத்துக்கொண்டிருந்தான். "சும்மா இருங்க, மெயின் இறங்கித்தான் இருக்கு" என்று என்னைச் சமாதானப்படுத்தினான். இறங்கு என்று கத்தினேன், என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. நீ எழுதியிருக்கிறதை முந்தாநாள் கடிதம் வந்ததும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். தரையில் உட்கார்ந்துவிட்டான். மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தான்.

ஒரு சாவி கேட்க வாய் வராமல் ஒரு மனுஷன் உயிரை வாங்கப் பார்த்தாயே. படுபாவி. ஆனால் நீ கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேனா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். கொடுத்திருக்க மாட்டேன். அதையும் எழுதிவைக்கிறேன், நாளைக்கு உன் மேல் மட்டும் பழி போட மாட்டேன்.

நேற்று மாலை நெட்டையனை நடையில் நிறுத்திவிட்டு அறையைத் திறந்தேன். பூட்டு இறுகிப்போய் எண்ணெய் விட வேண்டியிருந்தது. உள்ளே ஒன்றும் மாறவில்லை. தூசு மட்டும் எல்லாவற்றின் மேலும் மெல்லிசாகப் படிந்திருந்தது. ஜன்னல் வழியாகச் சாய்ந்த வெயில் கட்டில் மேல் விழுந்திருந்தது. கொஞ்ச நேரம் நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது. மருந்து வேளை என்று நினைத்தேன். கை தானாக மேஜைப் பக்கம் போனது.

நெட்டையன் ஏறுவதற்காகக் கட்டிலை நகர்த்தத் தலையணையை எடுத்தேன். அடியில் ஏ.சி. ரிமோட். அப்பா இறந்த அன்றைக்கு நான் ஏ.சி.யை ரிமோட்டில் அணைக்கவில்லை, சுவர் ஸ்விட்சைத் தட்டிவிட்டுக் கதவைப் பூட்டினேன். அதனால் ரிமோட்டைப் பொறுத்தவரை ஏ.சி. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மங்கலாக ஒரு எண் தெரிந்தது. ஜன்னலுக்குக் கொண்டுபோய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

25.

நான் ஒருநாளும் 25 வைத்ததில்லை, தம்பி. நீ?

நெட்டையனைப் போகச் சொல்லிவிட்டேன். நீ பண்ணின தப்பை நீ வந்து சரிபண்ணு.

அக்கா

ஜூன் 30

அக்கா,

ஒன்றே ஒன்று சொல். ரிமோட்டில் பேட்டரி மாற்றினாயா? கழற்றித் துடைத்து மறுபடி போட்டாலும் மாற்றின மாதிரிதான். சில ரிமோட் பேட்டரி கழற்றினால் பழைய எண்ணை மறந்துவிட்டுத் தானாக ஒரு எண்ணுக்கு வந்து நிற்கும். 24-ல் நிற்பதும் உண்டு, 25-ல் நிற்பதும் உண்டு. நீ எனக்கு ஆறுதலாக எதுவும் எழுத வேண்டாம். அந்த ஃபிரிட்ஜ் நோட்டில் எழுதுகிற மாதிரி, பார்த்ததை எழுது.

அன்று காலை 22 வைத்தது நான். அதற்குப் பிறகு என் கை அதில் படவில்லை.

வாங்குகிறவரிடம் ஒரு மாதம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். காரணம் கேட்டார். வயரிங்கில் ஒரு சிக்கல் இருக்கிறது என்றேன்.

இங்கே எனக்கு வேலை ஓடவில்லை. ஒவ்வொரு அறையிலும் எண்ணைப் பார்க்கிறேன். 25-ல் வைத்திருக்கிற அறை வந்தால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறேன். அங்கே குளிராகவும் இல்லை, புழுக்கமாகவும் இல்லை.

தம்பி

ஜூலை 5

தம்பிக்கு,

பேட்டரி மாற்றவில்லை. கழற்றவும் இல்லை. பின்மூடியைத் திறக்காமலே பார்த்தேன், மூடியின் ஓரத்தில் பழைய தூசு அப்படியே படிந்திருக்கிறது. பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

அன்று மதியம் ஒரு மணிக்குக் கடையிலிருந்து வந்து 27 வைத்தேன். ரிமோட்டை அவர் வலது கைப் பக்கம் வைத்துவிட்டுக் கஞ்சி கலக்கப் போனேன். நாலு மணிக்கு எல்லாம் முடிந்தது. நடுவில் அந்த அறைக்கு வேறு யாரும் வரவில்லை. 27-லிருந்து 25-க்கு இரண்டு தடவை அழுத்த வேண்டும். வாய் பேச்சு நின்றிருந்தாலும் வலது கை விரல் அசைந்துகொண்டுதான் இருந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். அவருக்கு எதுவும் புரியாது என்று நினைத்து அவர் தலைக்கு மேலேயே நாம் சண்டை போட்டோம். அவர் அழுத்திவிட்டு, நாம் பார்த்துவிடக் கூடாது என்று தலையணைக்கு அடியில் தள்ளிவைத்திருக்கிறார். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. இத்தனை நாள் கழித்து நேற்று அந்தக் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் அழுதேன்.

உன் குளிரும் இல்லை, என் புழுக்கமும் இல்லை. சாவு வீட்டில் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ உன்னுடையதை வாங்கிக்கொள்.

முன்பு ஒரு கடிதத்தில், விற்றால் எனக்கென்ன வந்தது என்று எழுதினேன். பொய். எனக்கு நிறைய வந்திருக்கிறது. உன் பாதியை விற்காதே. திரும்பி வா என்று கேட்கத்தான் முதல் கடிதமே எழுதினேன், யார் குடிவந்திருக்கிறார்கள் என்று கேட்டு முடித்துவிட்டேன்.

நடை ஸ்விட்ச் மேல் டேப் ஒட்டிவைத்திருக்கிறேன். பொழுது சாய்ந்தால் கை அங்கே போகிறது, பிறகு திரும்பிவிடுகிறது. உன் ஜன்னலும் இருட்டு, அப்பா அறையும் இருட்டு. படியில் உட்கார்ந்தால் தூக்கம் வருவதில்லை.

அறையைப் பூட்டவில்லை. சாவியை உனக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன், திறந்த அறைக்கு எதற்குச் சாவி என்று விட்டுவிட்டேன்.

ரிமோட்டைத் துணியில் சுற்றி மேஜை மேல் வைத்திருக்கிறேன். காலையில் ஒரு தடவை பார்க்கிறேன். போன வாரம் இருந்ததைவிட எண் மங்கியிருக்கிறது. இரண்டில் கீழ்க்கோடு சரியாகத் தெரியவில்லை. பேட்டரி இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று உனக்குத்தான் தெரியும். அதற்குள் வந்து நீயும் பார்த்துவிடு.

அக்கா